குறிப்புகளுக்கான கட்டம்

காதுன் ஏரியின் அளவுகோலை
இருபத்திரண்டு வருடமாகப் படிக்கிறேன்.
பெயர் எதில்மா. காலை ஆறு மணி,
ரப்பர் காலணி, டார்ச், ஒரு பென்சில்.
பனாமா மழையில் பேனா அழுதுவிடும் என்று
பென்சில் கொடுத்தார்கள்.
இந்த நவம்பருக்குப் பேனாவே போதும்.

இன்று, நேற்றைவிட இரண்டு விரற்கடை கீழே.

நூறு வருடத்துக்கு முன் மூழ்கடித்த காட்டின்
அடிமரங்கள் தலை நீட்டுகின்றன,
கூப்பிடாத கல்யாணத்துக்கு வந்த பங்காளிகள் மாதிரி.
ஒன்றின்மேல் நீர்க்காகம்.
அதற்கு இது நல்ல வருடம்.

ஒரு கப்பல் மலையேறி இறங்க
இருபது கோடி லிட்டர் ஏரியைக் கடலில் கொட்டுகிறோம்.
அதே ஏரியைத்தான் கொலோன் நகரமும் குடிக்கிறது,
என் குழாயும் குடிக்கிறது,
செவ்வாய், வெள்ளி மட்டும், ராத்திரி ஒரு மணிக்கு.

எண்ணைத் தொலைபேசியில் சொல்கிறேன்.
ஒன்பதுக்குள் அது ராட்டர்டாம் போய்விடுகிறது.
அங்கே யாரோ, காப்பி ஆறுவதற்குள்,
ஒரு விலையை மாற்றுகிறார்.
எனக்குக் கடவுச்சீட்டுகூடக் கிடையாது.

வெளியே உப்புத் தண்ணீரில் கப்பல்கள் நிற்கின்றன.
தம்பி அப்தியேல் படகில் போய்
வாழைக்காய் வறுவல் விற்கிறான்.
பத்தொன்பது நாளாய் நிற்கும் கப்பலொன்றின் சமையல்காரர்
அவனுக்குச் சிநேகிதம்: ரெனாந்தே, சாமார் தீவுக்காரர்.
கப்பலின் வயிற்றில் யூரியா,
ஈக்வடாரின் நெல்வயல்களுக்கு.
எங்கோ போர், அதனால் எரிவாயு விலை,
அதனால் யூரியா விலை,
அதனால் கடன்.
ரெனாந்தே வீட்டுக் கூரையைப் புயல் கொண்டுபோயிற்றாம்.
எங்கள் மழையைத் திருடிய அதே கடற்சூடு
என்கிறது வானொலி.
"அப்போ அவர் கூரையும் நம்ம குழாயும் ஒண்ணாக்கா?"
தெரியாது என்றேன்.
தெரியும்.

நேற்று மேற்பார்வையாளர் பேசினார். மரியாதையாகத்தான்.
"ரெண்டு விரற்கடைதானே எதில்மா,
ஓர் அலை அடிச்சா ஏறி இறங்காதா?"
ஏறி இறங்கும்.
அந்த இரண்டு விரற்கடையில்
யூரியா கடந்து போகும், வயல் பச்சை பிடிக்கும்.
அதே இரண்டு விரற்கடையில்
மதகு வழியே கடல் உள்ளே வரும்,
மேட்டுத் தெருக் குழந்தையின் பால் கரிக்கும்.

இன்னொரு வழியும் பேசுகிறார்கள்:
மலைக்கு அப்பால் வேறோர் ஆற்றை மறிப்பது.
அந்தக் கரையில் என் அக்கா இருக்கிறாள்.
நாற்பது காப்பிச் செடி, அத்தானின் கல்லறை,
பதினோரு வாத்து.

எந்தப் பக்கம் இழுத்தாலும் இந்தப் போர்வை
யாரோ ஒருவர் காலை வெளியே விடுகிறது.

உள்ளதை உள்ளபடி எழுதினேன்.
வீரமெல்லாம் இல்லை.
தப்பாய் எழுதக் கை பழகவில்லை, அவ்வளவுதான்.

நோட்டில் கடைசிக் கட்டத்தின் பெயர் குறிப்புகள்.
இருபத்திரண்டு வருட வெறுமை.
நேற்று அதில் பொடி எழுத்தில் எழுதினேன்:
யூரியா, பத்தொன்பது நாள்.
ரெனாந்தே, கூரை இல்லை.
மேட்டுத் தெரு, உப்பு.
அக்கா. வாத்து பதினொன்று.

கீழ்மதகிலிருந்து தெல்ராய் கூப்பிட்டான்.
"அந்தக் கட்டத்தில் ஏதோ கிறுக்குறியாமே?"
வாசித்துக் காட்டினேன்.
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"ஒரு பேர் சொல்றேன், எழுதிக்கோ."
"உன்கிட்டயும் கட்டம் இருக்கே," என்றேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம்.
நோட்டுகளோடு போகிறோம், ஆறு பேர்.
அக்கா இரண்டு பேருந்து மாறி வருகிறாள்,
என்னோடு சண்டை போட.
வரட்டும். அவளுக்கு முன்வரிசையில்
நாற்காலி போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

இதை எழுதும்போது மேலாற்று அளவுகோலிலிருந்து அழைப்பு.
"தூறுது எதில்மா, தூறுது!"
வானத்தை நான் பார்க்கவில்லை.
பென்சிலைத் தேடி எடுத்தேன்.
"எத்தனை மில்லிமீட்டர்?"