கருவிளந்தண்ணிழல்

வடசேரி விட்டதும் பிரிக்கத் தொடங்கினேன்.
வட, சே, ரி.
நிரை நேர் நேர். புளிமாங்காய்.
மார்த்தாண்டம் போகும் ஏழே முக்கால் வண்டி.
தோள் கம்பியில், டிக்கெட் முன்சீட்டின் முதுகில்,
பென்சில் குலுங்கக் குலுங்க.

நாளை அரியர். யாப்பு, மூன்றாம் தடவை.
பகலெல்லாம் ஜவுளிக்கடையில்
லைனிங் துணி மீட்டர் மீட்டராய்க் கிழித்த கைக்கு
அசை மட்டும் கிழிபடாது.
எழுத்து அசை சீர் தளை அடி தொடை.
ஆறு உறுப்பு.
ஏழாவதாக ஏதாவது இருந்திருந்தால்
அந்த இடத்தில் கைடில் எண்ணெய்க் கறை.

ஆனால் நடத்துநர் ஜெஸ்டின் கூவினால்
ஊர்கள் தாமாகவே பிரிகின்றன.
பார்வதிபுரம், கூவிளங்கனி.
சுங்கான்கடை தேமாங்கனி,
வில்லுக்குறியும் தேமாங்கனி,
ஒரே அளவு சட்டை எடுத்த
அண்ணன் தம்பிபோல.
தக்கலையில் வெறும் கூவிளம். மழை ஏறியது.

ஜன்னலோரம் ஓர் அம்மா.
மடியில் ஆசாரிப்பள்ளத்து எக்ஸ்ரே கவர்.
போன் அடித்தது.
“ஒண்ணுமில்ல மக்கா, டாக்டரு செல்லிட்டாரு,
நீ சாப்பிட்டு உறங்கு.”
ஒண் ணுமில் ல.
கை பழக்கத்தில் எழுதிவிட்டது: கூவிளங்காய்.

“எக்கா, கவரு நனையுது, உள்ள என்ன?” என்றார் ஜெஸ்டின்.
“ஒண்ணுமில்ல.”
அதே கூவிளங்காய்.

பிறகு படத்தை உருவி
எதிர்வண்டி வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.
விலா எலும்புகள்:
நீண்டும் குறுகியும் வெள்ளை அடிகள்,
இடது பக்கம், நடுவில்,
யாரோ பேனாவால் போட்ட சிறு வட்டம்.
யாரும் கேட்காதபோது
மூன்றாவது தரம் சொன்னாள்.
எண்ணினால் மூன்றசைதான்.
எண்ணாமல் இருந்தேன்.

“அழகியமண்டபம்!”
நிரை நிரை நேர் நிரை.
நாலசைச்சீர் செய்யுளில் அருகியே வரும் என்கிறது கைடு.
இந்த ரூட்டில் தினமும் வருகிறது,
இரவிபுதூர்க்கடையும் அதே அச்சுதான்.
வாய்பாடு: கருவிளந்தண்ணிழல்.
இறங்கிய இடத்தில் நிழல் என்று எதுவும் இல்லை,
ஒரு டியூப்லைட், நனைந்த ஆட்டோ இரண்டு.
கவரைச் சேலைக்குள் செருகிக்கொண்டு
முதல் படி, இரண்டாம் படி,
பிறகு நின்றாள்,
மூன்றாவதை மறந்தவள் மாதிரி.
ஜெஸ்டின் விசிலை வாயில் வைத்துக்கொண்டு
ஊதவில்லை.
ஓட்டுநரும் திரும்பிப் பார்க்கவில்லை.
அறுபது பேர் வண்டியில்
வைப்பர் மட்டும் சீராக.

அப்புறம் விசில்.
ஓரசைச்சீர். மலர்.
வெண்பாவாக இருந்தால்
இங்கே முடிந்திருக்கும்.

மீதி மூன்று ரூபாய் எழுத
என் டிக்கெட்டை வாங்கித் திருப்பியவர்
இடமில்லாமல் முழித்தார்.
“என்ன இது, நேரு நெரைன்னு?”

“ஒண்ணுமில்ல” என்றேன்.