ஐந்தாவது போல்ட்

நாலு கிழமையாய்
பிறேக் பிடிக்கும்போதெல்லாம்
கைப்பிடிக்குள் ஒரு துடிப்பு.
வார்ட்டில் எத்தனையோ மணிக்கட்டுகளில்
விரல் வைத்து எண்ணியவள் நான்.
ஆளுக்கு நாடி இல்லாவிட்டால் ஓடவேண்டும்.
இரும்புக்கு நாடி இருந்தால்
டிஸ்க் கோணிவிட்டது.

ஏகாம்பரம் வீதிக் கடையில்
"யார் மாட்டுறது, தங்கச்சி?" என்றார் மஃறூப்.
"நான்தான்."
மூக்குக் கண்ணாடிக்கு மேலால் ஒருதரம் பார்த்தார்,
விலையில் இருநூறு குறைத்தார்.
இரக்கமா மரியாதையா,
இன்னும் பிடிபடவில்லை.

ஞாயிறு. இரவுக் கடமை முடித்த உடம்பு.
உப்புவெளிக் காற்றில்
கொடியில் போட்ட உடுப்பு காயமுன்
போல்ட் துருப்பிடித்துவிடும்,
பகிடி இல்லை.
எஞ்சினுக்கு அடியில் இரண்டு புளொக் கல்,
கல்லின் மேல் பலகை,
முன்சில்லு அந்தரத்தில்.
அச்சை உருவி, சில்லைக் கழற்றி
அரிசிச் சாக்கில் கிடத்தினேன்.
பழைய டிஸ்கில் நகத்தை ஓட்டினால்
வரம்பும் வாய்க்காலுமாய்த் தட்டுப்பட்டது.

மூன்று போல்ட் முனகிக்கொண்டு வந்தன.
நாலாவது கெஞ்சவைத்தது.
ஐந்தாவது
அலன் கீயை உள்ளே வாங்கி,
தன் ஆறு மூலையையும் தானே தின்று,
வட்டமாய் வாய்பிளந்து கிடந்தது.

கன்னியாவில் ஏழு கிணறு, ஏழு சூடு.
இது எட்டாவது சூடு கேட்டது.

என் மனுசன் யோகரூபன்
கடற்கரை ஹோட்டலில் சமையல்.
மோட்டார்சைக்கிளில் பின்னுக்கு இருக்கவே
கண்ணை மூடுகிற ஆள்.
வெள்ளைக்காரரின் புடிங்கில்
சீனி கருக்குகிற நெருப்புக் குழாயை
வேலையிடத்தில் கேட்டு வாங்கி வந்தார்.
"பொன்னிறம் வந்தால் சொல்லு."
"இது கறுப்பாய்த்தான் இருக்கும்."
"அப்ப எப்பிடித் தெரியும்?"
நீலப் பசை உருகி மணக்கும் என்றேன்.
மூக்கைக் கிட்டக் கொண்டுபோய்,
சமையல்காரனுக்கே உரிய அந்தத் தலையசைப்பு:
"ஆகிட்டுது."
பெரிய சாவி ஒன்றை அடித்து இறக்கித் திருப்ப
டக் என்றது.
கிணற்றடியில் நின்ற காகம் எழும்பிப் பறந்தது.

புது டிஸ்கை ஸ்பிரிட்டால் துடைத்தேன்,
ஊசி போடமுன் தோலைத் துடைக்கிறமாதிரி,
நடுவிலிருந்து வெளியே.
இனி யாரும் விரல் வைக்கக்கூடாது.
ஆரபி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.
அவளுக்கு ஒரு வேலை இருந்தது:
சோக்கட்டியால் நிலத்தில்
கை எடுக்காமல் நட்சத்திரம் கீறுவது.
அவள் கீறிய வழியே
முனைக்கு முனை தாவி இறுக்கினேன்.
பக்கத்துப் போல்டை உடனே இறுக்கினால்
டிஸ்க் ஒருபக்கம் சாயும்.

எல்லாம் பூட்டியாயிற்று.
கைப்பிடியைப் பிடித்தேன்.
ஒன்றுமில்லை.
தடையே இல்லாமல் கடைசிவரை வந்து படுத்தது.
"செத்துப்போச்சா?" என்றார்.
பிஸ்டன் தூரத்தில் நிற்குது என்று தெரியும்,
தெரிந்தும் வாய்விட்டு எண்ணினேன்,
நெஞ்சை அமத்துகிறபோது எண்ணுகிற குரலில்.
பதினொன்றில் விறைத்தது.

பின்னேரம் தனியாகப் புறப்பட்டேன்.
முப்பதில் ஓடி ஐந்துக்கு இறக்கி,
திரும்ப முப்பது, திரும்ப ஐந்து.
பின்னால் வந்த ஓட்டோக்காரர் என்னைத் திட்டினார்.
புது டிஸ்கும் புது பேடும்
ஒன்றையொன்று பழகும்வரை
அவசரப்படுத்தக்கூடாது.

கோட்டை வாசலுக்குக் கிட்ட,
சோற்றுப் பார்சல் தாளைக் கவ்விக்கொண்டு
ஒரு புள்ளிமான் றோட்டில் இறங்கியது.

பிடித்தேன்.

ஒரு சாண் இருந்தது.
மான் என்னைப் பார்த்தபடி
தாளை மென்று முடித்தது.
கைப்பிடிக்குள் அசைவே இல்லை.
என் கழுத்தில் மட்டும் நூற்று இருபதுக்குக் குறையாது.

பழைய டிஸ்க் இப்போது
தண்ணீர்த் தாங்கி மூடிக்குப் பாரம்.

திங்கட்கிழமை வார்ட்டில் குனியும்போது
சட்டைப் பையிலிருந்து
அந்த ஐந்தாவது போல்ட் கட்டிலில் விழுந்தது.
சீனன்குடாவிலிருந்து வந்த நோயாளி
தூக்கிப் பார்த்துக் கேட்டார்:
"மிஸ், இதையும் விழுங்கவேணுமோ?"
அவர் மணிக்கட்டில் என் விரல்.
நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு,
சிரித்தால் கணக்கு விட்டுப்போகும்.