கார்ப்பு

அறுபது குளிசை, முப்பத்துநாலு பிராங்.
மூடியில் மூன்று மொழிகளில் ஒரே எச்சரிக்கை:
மெல்ல வேண்டாம், நிறையத் தண்ணீரோடு விழுங்கவும்.
நாக்கைத் தொடாத மிளகாய்.
படலையில் குரல் கொடுக்காமல்
நேரே அடுப்படிக்குள் வந்து நிற்கிற ஆளைப்போல.

பூர்க்டோர்ஃப் ஸ்டேஷனுக்குப் பக்கத்து மருந்துக்கடையில்
நான்தான் இதை விற்கிறேன்.
முதல் நாள் விலை ஒட்டும்போது சிரிப்பு வந்தது.
தலையில் மிளகாய் அரைப்பது என்பார்களே,
இங்கே அதற்கு ரசீதும் உண்டு.

படிக்கிற காலத்தில் ஒரு கேள்வி வந்தது:
நாக்கு அறியும் சுவை எத்தனை?
துவர்ப்பையும் கார்ப்பையும் வெட்டிவிட்டு
பேர் தெரியாத ஜப்பான் சுவை ஒன்றைச் சேர்த்து
ஐந்து என்று எழுதினேன்.
காரம் சுவையல்ல, வலி.
சூட்டுக்கு விழிக்கிற நரம்பு ஏமாந்து அலறுவது.
முழுப் புள்ளி.
அன்று பின்னேரம் பஸ்ஸில்
எதையோ கடன் கொடுத்துவிட்டு வருவதுபோல இருந்தது.

பெப்ரவரி, கடை பூட்ட இருபது நிமிடம்.
போத்தலோடு வந்தார் அம்மான்.
அது அவருடைய குடும்பப்பெயர்;
கூப்பிடும்போதெல்லாம் எனக்குத்தான்
சீதனம் பேச வந்த தாய்மாமன் ஞாபகம்.
எழுபத்தெட்டு வயது. ரயில் சிக்னல் திருத்தினவர்.
கால் குளிருக்கென்று வாங்கி மூன்று கிழமை.
ஒன்றும் தெரியவில்லை என்றார்.
போன மாரிக் காய்ச்சலுக்குப் பிறகு
கோப்பியும் வெந்நீரும் ஒன்றுதானாம்,
வெங்காயம் கருகினாலும் மணக்காதாம்.
சூடு என்று இதில் போட்டிருக்கிறதே,
விரலால் எழுத்தைக் காட்டினார்.

காசைத் திருப்பிக் கொடுக்கத்தான் எழுந்தேன்.
ஏனோ, இரத்தம் இளக்கும் குளிசை எடுக்கிறீர்களா என்று கேட்டு,
இல்லை என்றதும்
ஒரு கூட்டைத் திருகிப் பிரித்து
அவர் உள்ளங்கையில் தட்டினேன்.
செங்கல் நிறத்தில் அரைச் சிட்டிகை.
எங்களூரில் இதற்குச் செத்தல் என்று பேர்.
செத்ததா இல்லையா, நக்கினால் தெரியும்.

நக்கினார்.

முதலில் ஒன்றுமில்லை.
பிறகு காது சிவந்தது. விக்கல்.
பெயாட் தண்ணீரோடு ஓடிவந்தான்;
அவன் கையைத் தடுத்து
மத்தியானம் மிஞ்சின பாண் துண்டைக் கொடுத்தேன்.
மூக்கு ஒழுக, கண் ஒழுக,
கைக்குட்டை தேடாமல் மென்றபடி
சுவைக்கிறது என்றார்,
சுவைக்கிறது.

நான் திருத்தவில்லை.

திருப்பின காரணம் என்ன போட, என்றான் பெயாட்
கணினிக்குப் பின்னாலிருந்து.
திறந்துவிட்டது என்று போடு.

அதற்குள் அம்மான் போத்தலைத் திரும்ப எடுத்துக்
கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்,
காசையும் எண்ணி.