அறுபத்தேழாம் கொக்கி

சூடு ஏற்றினால் பியானோ கலைந்துவிடும் என்றார் சிலார்த்,
மூன்று ரயில் மாறி
சாவியும் கம்பளித் துண்டும் வைத்த பெட்டியோடு
வந்து இறங்கியவர்.
ஞாயிறு முடியும்வரை ரேடியேட்டரில் கை வைக்காதீர்கள்,
வைத்தால் அடுத்த வருடம் வேறு ஆளைப் பாருங்கள்.

நகராட்சி கொடுத்த பணம்
ஒரே ஒரு தடவை சுருதி சேர்க்கத்தான் காணும்.
எமோக்கே விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்.
இலையுதிர்காலக் கலைவிழா என்ற சுவரொட்டியின் அடியில்
பேனாவால் எழுதினாள்:
கோட்டைக் கழற்ற வேண்டாம்.

அந்த ஒரு வரியில் என் வேலை போயிற்று.

நூற்று இருபது கொக்கி, நூற்று இருபது பித்தளை வில்லை.
மதியமே சாம்பல் போட்டுத் துலக்கி வைத்திருந்தேன்.
பண்பாட்டு இல்லத்தின் இந்த மேசைக்குப் பின்னால்
பதினோரு இலையுதிர்காலம் நின்றவள் நான்.
ஊரை உள்துணியால் தெரியும் எனக்கு:
மேயரின் இடது அக்குளில் பிரிந்த தையல்,
மருந்துக்கடை ஓஷ்வாத்தின் பையில்
போன வருடத்து அக்ரூட் ஓடு,
பல்மருத்துவர் மனைவியின் தோளில் நாய்முடி.
அவர்கள் வீட்டில் நாய் கிடையாது.
யாரிடமும் சொன்னதில்லை.

இந்தத் தடவை எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள்,
காலரைத் தூக்கிவிட்டு, மூச்சு புகைய,
பள்ளிப் பிள்ளைகள் தீட்டிய சிவப்பு இலைகள்
இன்னும் காயாத தாழ்வாரத்தின் வழியே,
தீயணைப்பு நிலையத்தில் இரவல் வாங்கிய நாற்காலிகளுக்கு.
சிலர் பழக்கதோஷத்தில் ஒரு கையை உருவிவிட்டு
மறுபடி நுழைத்துக்கொண்டார்கள்.

நீயும் உள்ளே போயேன் என்றாள் எமோக்கே,
பொகாச்சாத் தட்டோடு ஓடிக்கொண்டே.

போனேன்.
கடைசி வரிசை, தூணுக்குப் பின்னால்.
வாசிக்கிறவளின் முகம் தெரியவில்லை,
ஒரு முழங்கை மட்டும் வந்து வந்து போயிற்று.
எனக்கு முன்னால் ஊர் முழுக்க முதுகு.
ஒருவர்கூடத் திரும்ப வேண்டியிருக்கவில்லை,
எல்லோருக்கும் பேர் சொல்லியிருப்பேன்.

மூடிய கதவுக்கு வெளியே
இத்தனை வருடம் எனக்கு வந்து சேர்ந்தது
கீழ்க்கட்டை மட்டும்.
மாடியில் யாரோ அலமாரி நகர்த்துகிற மாதிரி இருக்கும்.
அதற்கே தலையாட்டியிருக்கிறேன், நன்றாக இருந்தது என்று
வீட்டுக்குப் போய்ச் சொல்லியும் இருக்கிறேன்.

அலமாரிக்கு மேலே இன்னொன்று நடந்துகொண்டிருந்ததாம்.
பொடிப்பொடியாக,
வாளித் தண்ணீர்மேல் விடியலில் படிந்த பனித்தகடு
விரல் பட்டு நொறுங்குவதுபோல.
இவ்வளவு இருந்ததா?

முதலில் கோபம்தான் வந்தது.
பதினோரு வருடமாகச் சம்பளத்தில்
பாதியைப் பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள் என்று
இன்றைக்குத் தெரிந்தாற்போல.
யார் பிடித்தார்கள் என்று கேட்டால்
காட்ட ஒரு கதவுதான் இருக்கிறது.
பிறகு கோபமும் விறைத்துப்போய்
என் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டது.

இரண்டாவது உருப்படியின் நடுவில் வாசல் மணி.
என்னைக் கேட்காமல் என் கால் எழுந்துவிட்டது.

படகுத்துறை வென்செல், தொப்பலாக.
கோட்டு இல்லை. குடை ஒன்று.
இதை எங்கே வைக்க?

நூற்று இருபதும் காலி.
நான் நெடுநேரம் தேர்ந்தெடுத்தேன்.
அறுபத்தேழு, கதவுக்குப் பக்கத்தில் இருப்பது.
வில்லை தொலைந்தால் முந்நூறு ஃபோரின்ட் என்றேன்,
எல்லோரிடமும் சொல்கிற அதே குரலில்.

அவன் நுழையக் கதவு திறந்தது.
பொடிப்பொடியெல்லாம் ஒரு வீச்சில் வெளியே வந்து
என் மேசைமேல் விழுந்தது.
கதவு மூடியது.
மாடியில் அலமாரி நகர்ந்தது.

திரும்ப உள்ளே போயிருக்கலாம்.
குடை சொட்டிக்கொண்டிருந்தது, தரை மரத்தரை.
அடியில் ஒரு தகர வாளியை நகர்த்தி வைத்தேன்.

முதல் சொட்டு விழுந்தது,
மெலிசாக, மிக உயரத்தில்.

சுருதி சேர்ந்திருந்ததா என்று
சிலார்த்தைத்தான் கேட்க வேண்டும்.