மூன்றாம் கியர்

இரவு ஒன்றரை. மொன்ப்ரன் தாண்டி ஏற்றம்.
வெக்கை இன்னும் இருபத்தொன்பதில் நிற்கிறது.
பகலெல்லாம் வாங்கிய கடனைத் தார்ச்சாலை
வட்டியோடு திருப்பிக் கொடுக்கும் நேரம்.
முதுகுக்குப் பின்னால் பதினெட்டுப் பெட்டித் தேனீ.
அதற்கும் பின்னால், தகரத்துக்கு அடியில்,
தண்ணீரையே அறியாத எஞ்சின்.

எங்கள் பக்கத்தில் இதை வான் என்போம்.
கேட்பவர் ஆகாயம் என்று நினைத்தால்
அதுவும் பிழையில்லை:
ரேடியேட்டர் கிடையாது, குழாய் கிடையாது,
காற்றை நம்பித்தான் மொத்தப் பிழைப்பும்.

நாலாம் கியருக்குக் கை போனால்
ஒதில் என் மணிக்கட்டில் தட்டுவாள்.
"விசிறி எஞ்சினோடுதான் சுழலும்.
அது முனகினால் இதுவும் தூங்கும்.
கத்த விடு."
கத்த விட்டேன்.
நான் ஓட்டிப் பழகிய கார்களில்
சத்தம் கேட்டால் கோளாறு.
இதில் அமைதிதான் கோளாறு.

எண்ணெய் முள் நூற்றிருபது.
ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும்
வாடகை கேட்டு வருகிறவர் மாதிரி
ஒரு படி ஏறிற்று.
நூற்று முப்பதில் பயந்து ஓரங்கட்டினேன்.

நிறுத்தியிருக்கக் கூடாது.
ஓட்டத்தின் அதிர்வில் கிறங்கிக் கிடந்தவை
விழித்து, கம்பிவலையில் கொத்தாய்த் தொங்கின.
ஒன்றின் சூடு அடுத்ததற்கு, அதன் சூடு அதற்கடுத்ததற்கு.
அரைமணி நின்றால் அடைகள் உருகிச் சரியும்.
நின்றால் தேனீ வேகும்,
போனால் எஞ்சின் வேகும்.

தண்ணீர்க் கேனோடு எஞ்சினுக்கு ஓடினேன்.
ஒதில் பிடுங்கி வலைகளில் தெளித்தாள்.
"இது அவர்களுக்கு. கொதிக்கிற இரும்பில் ஊற்றினால்
விரிசல்தான் மிச்சம்."
மூடியைத் திறந்தபடியே போவோமே என்றேன்.
"தான் துப்பிய சூட்டைத் தானே குடிக்கவா?"

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
எஞ்சினைச் சுற்றிய ரப்பர் விளிம்பை
விரலால் தடவிக்கொண்டே போனாள்.
இடது மூலையில் விரல் சட்டென்று உள்ளே விழுந்தது.
ஒரு முழ நீளத்துக்கு ரப்பரே இல்லை.
அந்த வழியாக, அடியிலிருந்து,
புகைபோக்கியின் மூச்சு மேலே வந்துகொண்டிருந்தது.
"மூன்றாம் சிலிண்டர் பாவம்" என்றாள்.
"எண்ணெய்க் குளிர்விப்பானுக்குப் பின்னால் நிற்கிறவன்,
ஏற்கனவே சுட்ட காற்றுதான் அவன் பங்குக்கு."
நானும் வீட்டில் மூன்றாவது. சொல்லவில்லை.

இப்படி ஓர் இடைவெளியைத் தேனீக்கள்
ஒரு வாரம் விட்டுவைத்திருக்காது,
பிசின் கொண்டு வந்து பூசியிருக்கும்.
எங்களிடம் பிசின் இல்லை, கயிறு இருந்தது,
கூட்டைக் கிளப்பும் உளி இருந்தது,
என் காலில் லா ஷப்பலில் வாங்கிய
நாலு யூரோ ரப்பர்ச் செருப்பு இருந்தது.
இருவரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம்.

உளியால் அறுக்க நாலு நிமிடம்.
பட்டை பட்டையாய்த் திணித்து அழுத்தினோம்.
அளவுக் கம்பியை உருவினாள் ஒதில்,
விரலால் பிடிக்க முடியவில்லை, உதறினாள்.
மறுபடி ஓட்டம்.

வெறுங்காலில் பெடல் சுட்டது.
மூன்றாம் கியர், முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகம்,
கேட்டால் இருநூறில் பறப்பதாகத் தோன்றும் இரைச்சல்.
பின்னால் பெட்டிகள் அதே சுருதிக்கு இறங்கின.
எது விசிறி, எது சிறகு என்று
இரண்டு வளைவுகள் பிரித்துப் பார்த்தேன். முடியவில்லை.
முள் நூற்றுப் பதினெட்டுக்கு வந்து
அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

ஃபெராசியேர் மேட்டில் லாவண்டர் வரிசைகள்
இருட்டில் மணமாக மட்டும் இருந்தன.
சாவிக்குக் கை போனது.
"ஒரு நிமிடம் ஓடட்டும்" என்றாள் ஒதில்,
"உள்ளே இருப்பதை ஊதித் தள்ளட்டும்."
ஓடியது. பிறகு அணைத்தேன்.
தகரம் டிக் டிக்கென்று சுருங்கும் சத்தத்தில்
முதல் பெட்டியை இறக்கினோம்.

பாதத்தில் ஒரு கொட்டு வாங்கினேன்.
மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பை எறியப் போனேன்.
ஒதில் வாங்கி, டாஷ்போர்டு அறைக்குள்
தீப்பொறிப் பிளக்குகளுக்குப் பக்கத்தில் வைத்தாள்,
அடுத்த ஓட்டைக்கு.