நூறு கிலோமீட்டருக்கு

விற்றவன் பதினொன்று என்றான்.
நூறு கிலோமீட்டருக்குப் பதினொரு லிட்டர்,
பெற்ற தாய்மேல் ஆணை.
அவன் தாயை நான் பார்த்ததில்லை.

நாரின் ஊரில் நான் மாட்டு வைத்தியர்.
சினை பார்க்க, குறுக்கே கிடக்கும் கன்றை இழுக்க
தார் தீர்ந்த இடத்துக்கு அப்பாலும் போயாக வேண்டும்.
கோடையில் பதினான்கு குடித்தது.
டோலோன் கணவாய் ஏறினால் பதினெட்டு.
ஜனவரியில், மைனஸ் முப்பத்தைந்தில்,
அணைத்தால் மறுபடி எழாது என்று பயந்து
தொழுவத்துக்கு வெளியே விடிய விடிய ஓடவிட்ட இரவுகளுக்குக்
கணக்கே போடவில்லை.
நின்ற இடத்திலேயே தின்னும் பிராணிக்கு
எதை எதால் வகுப்பது?
யானையை வாங்கிவிட்டுக்
கரும்புக்கு அழக்கூடாது.

முதல் வருடம் ரேடியேட்டர்.
இரண்டாம் வருடம் எதுவுமில்லை.
அந்த ஒரு வருடத்தை நம்பித்தான்
என் தங்கையையும் இதே வண்டி வாங்கச் சொன்னேன்.
அவளுடையது நான்காம் மாதமே கியர்பாக்ஸை உதிர்த்தது.
இன்றுவரை என்னோடு
பண்டிகைக்கு மட்டும் பேசுகிறாள்.
என்னுடையதில் பிறகு பேரிங்,
பிறகு எலி கடித்த ஒயர்,
பிறகு எதற்கென்று தெரியாமல் எரியும் மஞ்சள் விளக்கு.
மெக்கானிக் முகன்பெத் அதன்மேல்
கறுப்பு டேப் ஒட்டி
இருநூறு சோம் வாங்கிக்கொண்டார்.
டேப் இன்னும் பழுதாகவில்லை.

ஜப்பானில் பிறந்த வண்டி. ஸ்டீயரிங் வலப்பக்கம்.
எங்கள் சாலைக்கு அது தப்பான பக்கம்.
லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால்
எனக்கு எதுவும் தெரியாது.
ஊசி போட உதவிக்கு வரும் குல்சாயிராதான்
இடப்பக்கமிருந்து எட்டிப் பார்த்துப்
போ என்பாள், பொறு என்பாள்.
ஒன்பது வருடமாக
அவள் கண்ணால் முந்துகிறேன்.

சாவியைத் திருப்பியதும் ஒரு பெண் பேசுவாள்.
டாஷ்போர்டுக்குள்ளிருந்து, ஜப்பானிய மொழியில்,
அவ்வளவு பணிவாக.
ஒயரை வெட்டிவிடட்டுமா என்றார் முகன்பெத்.
குல்சாயிரா விடவில்லை.
பயணத்துக்கு வாழ்த்துகிறாள், குரலே சொல்கிறதே என்றாள்.
ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் முடிந்ததும்
இரண்டு உள்ளங்கையாலும் முகத்தைத் தடவி
ஓமின் என்பாள்.
பனிச்சரிவிலிருந்து நாங்கள் தப்பிய அன்று
அந்தப் பெண்ணுக்கு நன்றிகூடச் சொன்னாள்.

போன ஆகஸ்டில் கணவாயின் உச்சியில்
சைக்கிள் சக்கரம் நெளிந்து ஒரு ஜப்பான்காரி நின்றாள்.
ஃபுமியே என்று பெயர்,
ரஷ்ய மொழி கொஞ்சம் பேசினாள்.
சைக்கிளைப் பின்னால் தூக்கிப் போட்டு
சாவியைத் திருப்பினேன்.
குரல் கேட்டு அவள் சிரித்த சிரிப்பில்
கண்ணாடியெல்லாம் மூச்சுப் படிந்தது.

"சுங்கச்சாவடி அட்டை
செருகப்படவில்லை" என்கிறாளாம்.

ஒன்பது வருடம்.
சுங்கச்சாவடியே இல்லாத மலையில்,
உறைந்த ஆற்றின் மேல்,
செத்த கன்றோடு திரும்பிய இரவில்,
ஒவ்வொரு முறையும்
அட்டை செருகப்படவில்லை.

குல்சாயிரா வெளியே பார்த்தபடி இருந்தாள்.
கீழே இறங்கும்வரை
வண்டியில் சைக்கிள் மட்டும் சத்தம் போட்டது.

மறுநாள் காலை பெட்ரோல் போட்டேன். பதினாறரை வந்தது.
சீட்டை மடித்துச் சூரியத் தடுப்பில் செருகி
சாவியைத் திருப்பினேன்.
அந்தப் பெண் சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.
நான் குல்சாயிராவைப் பார்க்காமல் இருக்க
கண்ணாடியைத் துடைத்தேன்.

ஓரக்கண்ணில் தெரிந்தது,
இரண்டு உள்ளங்கை மேலே எழுந்து
நெற்றியிலிருந்து மோவாய்வரை மெல்ல இறங்கியது.
பிறகு இடப்பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"நிலக்கரி லாரி வருகிறது.
பொறு."