உத்தரவாதம்

ஆம்பூரிலிருந்து திரும்பி வந்திருந்தது ஃபுட் சுவிட்ச்.
"மிதிக்காமலே பிரஸ் எறங்குது"
பில்லின் பின்பக்கம் எழுதியிருந்தார்கள்.

ராணிப்பேட்டை சிப்காட் ஷெட்டில்
அண்ணன் ஜீவரத்தினம் புரட்டிப் பார்த்தான்.
பெடலுக்கு மேலிருந்த இரும்புக் கூண்டை
யாரோ ஹாக்ஸாவால் அறுத்திருக்கிறார்கள்.
கால் நுழைக்கிற நேரம் மிச்சம்,
ஷிப்டுக்கு நாற்பது ஜோடி கூடுதல்.

"வாரன்டி கிடையாது, எழுது."
எழுதினேன்.

எஸ்தர் அண்ணி ஸ்பிரிங்கைக் கழற்றினாள்.
தோல் தூசு. உதிர்ந்த ஒரு ஸ்டிக்கர் பொட்டு.
பெடல் ரப்பரில் கட்டைவிரல் தேய்த்த பள்ளம்.
இடது கால், சின்னக் கால்.

பிரஸ் எறங்கினப்போ
கை எங்கே இருந்தது என்று
பில்லில் இல்லை.

ராத்திரி அட்டையில் வெட்டினோம்,
அறுக்கத் தோன்றாத மாதிரி
வாய் அகலமான கூண்டு.
விலை பதினெட்டு ரூபாய் ஏறும்.
அண்ணன் மூன்று தடவை கணக்குப் போட்டான்.
பிறகு செருப்பைக் கழற்றி
உள்ளே விட்டுப் பார்த்தான்,

இடது காலை.